வண்டி ரோட்டில் இருக்கும்வரை

அக்டோபர் 6, திங்கள்

இது மருந்துக் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு மாத்திரை படம் சிரித்துக்கொண்டிருக்கிறது. டாக்டர் எமல்டா மேசையிலிருந்து எடுத்து என் கையில் திணித்தார். வருஷம் முடியப்போகிற நேரத்தில் டைரி கொடுக்கிறவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

சர்க்கரை ஏறிக் கிடக்கிறதாம். அது எனக்கும் தெரியும். பன்னிரண்டு வருஷமாக அது என்னோடுதான் குடித்தனம் நடத்துகிறது. புதிதாக இன்றைக்கு என் பாதங்களைப் பரிசோதித்தார். கண்ணை மூடச் சொன்னார். மெல்லிய நைலான் இழையால் காலைத் தொடுவாராம், தொட்டதும் சொல்ல வேண்டுமாம். நானும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். ரொம்ப நேரமாகச் சத்தமே இல்லை. "எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன். "முடிச்சுட்டேன் செண்பகம்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்குள்ளும் செருப்புப் போட வேண்டும். தினமும் குளித்ததும் விரலிடுக்கைத் துடைத்து, கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். பார்த்ததை எழுத வேண்டும். "எழுதச் சொல்லலேன்னா நீங்க பாக்க மாட்டீங்க" என்றார். பிறகு என் வலது கால் இரண்டாவது விரலை அழுத்திப் பார்த்தார். "வீங்கியிருக்கு. மெட்டி இறுக்குது. இன்னைக்கே கழட்டிருங்க."

"சரிங்க டாக்டர்" என்றேன். சரி என்று சொன்னால் செய்கிறேன் என்று அர்த்தமா என்ன.

என் வீட்டுக்காரர் நேற்றுத்தான் லாரியில் தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூருக்குக் கிளம்பினார். கிளீனர் கிடைப்பதில்லை, தனியாகத்தான் போகிறார். எங்கள் தெருவில் பாதி வீடு டிரைவர் வீடு. வண்டி கிளம்பிய அன்றைக்கு வீடு கூட்ட மாட்டோம். தலைக்குத் தண்ணீர் ஊற்ற மாட்டோம். எப்போது வருவீர்கள் என்று கேட்க மாட்டோம், அவர்களாகச் சொன்னால் உண்டு. வண்டி திரும்பி வந்து வாசலில் நிற்கிறவரை தாலியும் மெட்டியும் உடம்பை விட்டு இறங்காது. இதையெல்லாம் யார் சட்டம் போட்டார்கள் என்று தெரியாது. மூடநம்பிக்கை என்று யாராவது சொன்னால் நானும் ஆமாம் என்று தலையாட்டுவேன். ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து கூட்டாமல் உட்கார்ந்திருப்பேன்.

தீபாவளிக்கு முன்னால் வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். வந்ததும் கழற்றிக்கொள்ளலாம்.

வலது கால்: சரி. இடது கால்: சரி.

அக்டோபர் 7, செவ்வாய்

கண்ணாடியைக் கீழே வைத்துக் குனிந்தால் வயிறு இடிக்கிறது. இரண்டு உள்ளங்காலையும் பார்த்தேன். ஐம்பது வருஷமாக இவற்றின் மேல்தான் நிற்கிறேன், இவற்றின் முகத்தை இன்றைக்குத்தான் பார்த்தேன். அழகாக ஒன்றும் இல்லை.

சரி. சரி.

அக்டோபர் 9, வியாழன்

தலைக்கு மேல் வேலை. தீபாவளி வந்தால் கோவில்பட்டியில் இருக்கிற அத்தனை பெண்களுக்கும் ஒரே நாளில் ரவிக்கை பத்தாமல் போய்விடுகிறது. வங்கிக்காரர் மனைவி முதுகில் ஜன்னல் வைக்கச் சொன்னாள். வைக்கிறேன், காற்று வரட்டும். எதிர்வீட்டு ஆசிரியைக்குப் போன வருஷ அளவே போதுமாம். போன வருஷ உடம்பையும் கொண்டுவந்தால் தைத்துத் தருகிறேன் என்றேன். கோபித்துக்கொண்டு போனாள். நாளைக்கு வருவாள்.

பேச்சித்தாய் ஊக்கு கட்டவும் ஹெம்மிங் செய்யவும் வந்துவிட்டாள். அவருடைய தங்கை, என் நாத்தனார். பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். பேச்சியின் கணவரும் டிரைவர்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் சோலாப்பூர்ப் பக்கம் வண்டி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தார். அதிலிருந்து பகல் முழுவதும் என் கடையில்தான் இருக்கிறாள். கடை என்றால் என் வீட்டு முன்னறை.

காலையில் நூல் வாங்கப் போனபோது பூக்கடைக்காரர் பின்னாலிருந்து கூப்பிட்டார். "யக்கா, செருப்ப விட்டுட்டுப் போறீகளே." திரும்பிப் பார்த்தால் என் ஒற்றைச் செருப்பு நடுத்தெருவில் தனியாகக் கிடக்கிறது. கழன்றது எனக்குத் தெரியவில்லை. வார் லூசாகிவிட்டது. புதுச் செருப்பு வாங்க வேண்டும்.

தையல் மெஷின் பெடலில் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் மிதிக்கிறேன். சில நேரம் கால் பக்கத்தில் தரையை மிதித்துக்கொண்டிருக்கிறது.

வலது: சரி. இடது: சரி.

அக்டோபர் 11, சனி

அவர் போன் செய்தார். நாக்பூரில் இறக்கியாயிற்று. அங்கிருந்து கல்கத்தாவுக்கு ஆரஞ்சு லோடு கிடைக்கிறதாம், வாடகை நல்ல வாடகையாம்.

"ஏத்தினா தீவாளிக்கு வந்து சேர முடியாது. ஒனக்குச் சரின்னாத்தான் ஏத்துவேன். ஒடம்பு எப்படி இருக்கு? டாக்டர் என்ன சொன்னாக?"

"என்னத்தச் சொல்லுவாக. வழக்கமான பாட்டுத்தான். ஏத்துங்க, எனக்கென்ன."

"கால் எரிச்சல்?"

"இப்ப எரியவே இல்ல."

உண்மையைத்தான் சொன்னேன். போன வருஷம் முழுவதும் மிளகாய் அரைத்துப் பூசினாற்போல எரிந்த கால், இப்போது எரியவில்லை. அவர் ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

வலது கால்: மெட்டிக்கு அடியில் தோல் கொஞ்சம் வெள்ளையாக ஊறியிருக்கிறது. மழை ஈரம். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் போட்டேன். மற்றபடி சரி.

அக்டோபர் 13, திங்கள்

முன்னறையில் எலி செத்துக் கிடக்கிறது போல ஒரு வாடை. துணி மூட்டைகளையெல்லாம் இறக்கித் தேடினோம். பேச்சி அலமாரியை நகர்த்தினாள். போன வருஷம் தொலைந்த கத்தரிக்கோல் கிடைத்தது, எலி கிடைக்கவில்லை. ஊதுபத்தி ஏற்றிவைத்தேன்.

இரண்டு கால்களும் சரி.

அக்டோபர் 15, புதன்

எலி இன்னும் கிடைக்கவில்லை. அடுப்படியில் நின்றால் அங்கேயும் வாடை, படுக்கப் போனால் அங்கேயும். பேச்சி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "மதினி, எலி உங்க பின்னாலயே வருதா?" என்று கேட்டாள். வேலையைப் பார் என்றேன்.

இன்றைக்கு டாக்டரிடம் போயிருக்க வேண்டும். இருபது ரவிக்கைக்குக் கை ஒட்ட வேண்டியிருக்கிறது. அவற்றை டாக்டரா வந்து தைத்துத் தருவார்.

அவர் கல்கத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். ரிட்டர்ன் லோடுக்குக் காத்திருக்கிறார். "ஒன் கொரலு ஏன் ஒரு மாதிரி இருக்கு?" என்றார். மழை என்றேன். நேற்றிலிருந்து லேசாகக் குளிர்கிறது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தைக்கிறேன். புரட்டாசியில் ஸ்வெட்டர் போடுகிற முதல் கோவில்பட்டிக்காரி நானாகத்தான் இருப்பேன்.

அக்டோபர் 17, வெள்ளி

வங்கிக்காரர் மனைவியின் ரவிக்கை, சந்தன நிறப் பட்டு. தைத்து முடித்து எடுத்து உதறினால் கீழே தொங்கிய பக்கத்தில் பழுப்பாக ஒரு கறை. மெஷின் எண்ணெய் என்று நினைத்தேன். எண்ணெய் பிசுபிசுக்கும், இது காய்ந்து மொடமொடவென்று இருந்தது. பெடலைப் பார்த்தேன். பெடலிலும் இருந்தது.

பேச்சி சாப்பிடப் போயிருந்தாள். கதவைச் சாத்திவிட்டுக் காலைப் பார்த்தேன். ஆறு நாளாகப் பார்க்கவில்லை, திங்கட்கிழமை பார்க்காமலே சரி என்று எழுதினேன். டைரிக்குக் கண்ணா இருக்கிறது.

விரல் சிவந்து பருத்திருக்கிறது. மெட்டி அதற்குள் போய்விட்டது. மேலே வெள்ளி தெரிகிறது, அடிப்பக்கம் சதை மூடிக்கொண்டிருக்கிறது. கழற்ற வேண்டாம், கொஞ்சம் தளர்த்தலாம் என்று கத்தரிக்கோல் நுனியை விட்டு நெம்பினேன். ரத்தமும் சீழுமாக வந்தது. வலிக்கவே இல்லை. நான் பிள்ளை பெற்றவள் இல்லை, ஆனாலும் வலி தாங்குகிறவள்தான். இது தாங்குவது இல்லை. அங்கே வலிப்பதற்கு ஆளே இல்லை. வலித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

டெட்டால் ஊற்றித் துணி சுற்றிவிட்டேன். பட்டில் இருந்த கறையை எலுமிச்சை வைத்து எடுத்தாயிற்று.

எலி கிடைத்துவிட்டது என்று பேச்சியிடம் சொன்னேன்.

அக்டோபர் 18, சனி

போன். கல்கத்தாவில் காளி பூஜை வருகிறதாம். கூலியாட்கள் எல்லாரும் ஊருக்குப் போகிறார்கள். பூஜை முடிந்து இருபத்தொன்றாம் தேதிதான் ஏற்றுவார்களாம்.

"காலி வண்டியாவே வந்துரட்டுமா? ஒன்னத் தனியா விட்டுட்டு இங்க உக்காந்து என்ன செய்ய?"

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிளம்பியிருப்பார். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "காலி வண்டிய ரெண்டாயிரம் கிலோமீட்டர் உருட்டிட்டு வந்தா மொதலாளி சும்மா விடுவாரா? இருந்து ஏத்திட்டே வாங்க. நான் ராணி மாதிரி இருக்கேன்" என்றேன்.

சொல்லி வைத்தபிறகு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரலைப் பற்றிச் சொன்னால் அவர் பதற்றத்தில் ஓட்டுவார். தூங்காமல் ஓட்டுவார். அது இதைவிட ஆபத்து. நான் செய்தது சரிதான். ஆனால் அவர் வருகிற நாள் தள்ளிப்போகிறது, மெட்டி கழற்றுகிற நாளும் தள்ளிப்போகிறது, தள்ளிவிடுகிறவள் நானாக இருக்கிறேன். இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவில்லை. காய்ச்சல்.

பேச்சி அதிரசமும் கறிக்குழம்பும் கொண்டுவந்தாள். தூக்குவாளியை வைத்துவிட்டு நேராக என் காலடியில் வந்து உட்கார்ந்தாள்.

"மதினி, என்ன மறைக்கீக? எலி கெடச்சுருச்சுன்னீக. வாட போகலையே."

காலை இழுத்துக்கொண்டேன். அவள் விடவில்லை. துணியைப் பிரித்தாள். பிரித்துவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்தவில்லை, வாயைப் பொத்திக்கொண்டாள். விரல் நுனி கறுத்திருந்தது. பாதத்தின் மேல் சிவப்பு ஏறியிருந்தது.

"கழட்டச் சொல்லலையா டாக்டரு?"

"சொன்னாக."

"பெறவு?"

"ஒங்க அண்ணன் ரோட்டுல இருக்காக பேச்சி."

அவள் என் விரலையே பார்த்தாள். பிறகு என்னை முதல்முறையாக நீ என்றாள்.

"நான் கழட்டுனேனா? சொல்லு. எங்க வீட்டுக்காரர் சோலாப்பூர்ல கெடந்தப்போ என் கால்ல மெட்டி இருந்துச்சு. கழுத்துல தாலி இருந்துச்சு. அவர் கெளம்புன அன்னைக்கு வீடு கூட்டல. தலைக்கு ஊத்தல. வௌக்கு அணையல. எல்லாம் இருந்துச்சு. அவர் வந்தாரா?"

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆறு வருஷமாக என் மனதில் ஒரு மூலையில், பேச்சி ஏதோ ஒன்றைத் தவறவிட்டிருப்பாள் என்றுதான் நினைத்திருக்கிறேன். வாயைத் திறந்து சொன்னதில்லை. ஆனால் அவள் தவறவிட்டதை நான் தவறவிடக்கூடாது என்று ஒவ்வொரு முறை வண்டி கிளம்பும்போதும் நினைத்துக்கொள்வேன். அதை அவள் இத்தனை வருஷமும் தெரிந்தே என் பக்கத்தில் உட்கார்ந்து ஊக்கு கட்டியிருக்கிறாள் என்று இன்றைக்குத் தெரிந்தது.

"நாளைக்கு டாக்டருகிட்டப் போறோம்" என்றாள். அதிரசத்தை அவளே தின்றாள். எனக்குத் தரவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். டைரியைக் கேட்டார். கொடுத்தேன். சரி, சரி, சரி என்று நான் எழுதியதையெல்லாம் வரிசையாகப் படித்தார். மூடித் திருப்பிக் கொடுத்தார்.

ஊசி போட்டார். மெட்டியை வெட்டி எடுக்கச் சின்னக் கருவி ஒன்று வைத்திருக்கிறார். அதைக் கையில் எடுத்ததும் நான் கட்டிலை விட்டு இறங்கிவிட்டேன்.

"நாலஞ்சு நாள்ல அவுக வந்துருவாக டாக்டர்."

"செண்பகம், அந்த விரலுக்கு ரத்தம் போகணும். உங்க வீட்டுக்காரருக்காக அது காத்திருக்காது."

திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். உடனே போய்ச் சேரச் சொன்னார். நாளைக்குப் போகிறேன் என்றேன். பேச்சி வாசலில் ஆட்டோவுக்குக் கைகாட்டிக்கொண்டு நின்றாள். காசு இல்லை, துணி எடுக்கவில்லை, வீடு பூட்டவில்லை என்று என்னென்னவோ சொல்லி வீட்டுக்குத் திரும்ப வைத்துவிட்டேன். என் வாய்க்கு முன்னால் அவள் என்ன செய்வாள்.

அவர் லோடு ஏற்றிவிட்டார். சணல் மூட்டை. விடிந்ததும் கிளம்புகிறார்.

அக்டோபர் 22, புதன்

கிளம்பிவிட்டார். வீடு கூட்டவில்லை. கூட்ட எழுந்திருக்கவும் முடியவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. பேச்சி என்னைக் கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்திருக்கிறது. டைரியைத் தலையணை உறைக்குள் வைத்துக் கொண்டுபோகிறேன்.

அக்டோபர் 25, சனி

இப்போதுதான் எழுத முடிகிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம். திருநெல்வேலி ஆஸ்பத்திரி. அறுவை செய்கிற டாக்டர் சின்ன வயசுப் பையன்போல இருந்தார். விரலை எடுத்தே ஆக வேண்டும், இன்னும் தள்ளிப்போட்டால் பாதத்தோடும் நிற்காது, உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்று சொன்னார். மெட்டி, தாலி, வளையல், எல்லாம் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்றார். நர்ஸ் வெட்டுகிற கருவியோடு வந்தாள். நான் இரண்டு காலையும் மடக்கிச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். குழந்தை மாதிரி நடந்துகொண்டேன் என்று தெரியும். எனக்கு விரல் போவது பயமாக இல்லை. அவர் எங்கேயோ ஆந்திராவில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், இங்கே வெள்ளி இரண்டு துண்டாக விழப்போகிறது. அதுதான் பயம்.

"வேண்டாம். அவுக வந்தபெறவு செய்யுங்க" என்றேன். நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் பேச்சியைப் பார்த்தார். பேச்சி போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். நான் கையை நீட்டிப் பறிக்கப் பார்த்தேன். அவள் எட்டிப் போய் நின்றுகொண்டாள்.

"அண்ணே, மதினிய ஆஸ்பத்திரில சேத்திருக்கு. கால் வெரலு அழுகிருச்சு, எடுக்கணுங்காக. மெட்டியக் கழட்ட விட மாட்டேங்காக. கழட்டுனா ஒனக்கு ஏதாவது ஆயிருமாம்."

போனை என் காதோரம் வைத்தாள். வண்டிச் சத்தம் கேட்டது. ஹாரன் சத்தம். பிறகு அவர் குரல்.

"செம்பகம்."

"ம்."

"எத்தன நாளா?"

சேலைக்குள் காலை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

"நான் நாக்பூர்ல வெச்சுக் கேட்டேனே. கல்கத்தாவுல வெச்சும் கேட்டேன்."

"ஓட்டிட்டே பேசாதீக" என்றேன். அந்த நேரத்திலும் அதுதான் வாயில் வந்தது.

எஞ்சின் சத்தம் இறங்கியது. டயர் கல்லில் உரசுகிற சத்தம். பிறகு சத்தமே இல்லை. கதவு திறந்து மூடியது.

"கேளு. ராஜமுந்திரி தாண்டி ஒரு பெட்ரோல் பங்கு ஓரமா நிறுத்திட்டேன். சாவிய எடுத்துச் சட்டப் பையில போட்டுட்டேன். வண்டிய விட்டு எறங்கி மண்ணுல நிக்கேன். ஓடுற வண்டிக்குத்தான ஒனக்குப் பயம்? இப்ப நான் ரோட்டுல இல்ல. நீ வண்டிய எடுங்கன்னு சொல்லுத வரைக்கும் எடுக்க மாட்டேன். கழட்டச் சொல்லு தாயி."

முப்பது வருஷத்தில் இந்தச் சட்டங்களைப் பற்றி அவரிடம் நான் ஒருமுறை கூடச் சொன்னதில்லை. சொன்னால் பலிக்காது என்று நினைத்திருந்தேன். அவர் பார்க்காமல் இருந்திருக்கிறார் என்றும் நினைத்திருந்தேன். கிளம்புகிற அன்றைக்கு வீட்டில் குப்பை கிடப்பதை ஒரு மனுஷர் முப்பது வருஷமாகவா பார்க்காமல் இருப்பார்.

காலை நீட்டினேன்.

நர்ஸ் வெட்டும்போது சத்தம் மட்டும் கேட்டது. இடது காலிலும் கழற்றினாள். இரண்டும் ஒரு தட்டில் விழுந்தன. பேச்சி என் கழுத்திலிருந்து தாலியைக் கழற்றி, கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். போனில் அவர் இன்னும் இருந்தார். மூச்சு விடுவது கேட்டது. பிறகு என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

கண் விழித்தது இன்று காலை. ஊசி மயக்கமும் காய்ச்சலும் சேர்ந்து நேற்றுச் சாயங்காலம் என்று ஒன்று எனக்கு இல்லாமலே போய்விட்டது. வலது கால் பெரிய பொட்டலமாக இருந்தது. விரல் போய்விட்டது. பாதம் இருக்கிறது, சிவப்பும் இறங்குகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

"ஒங்க அண்ணன் எங்க வந்திருக்காக?" என்று பேச்சியிடம் கேட்டேன். இந்நேரம் நெல்லூரைத் தாண்டியிருப்பார் என்று மனதுக்குள் வழியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேச்சி தலையைக் குனிந்துகொண்டு ஆரஞ்சு உரித்தாள். "எங்க வர? நேத்து நிறுத்துன எடத்துலதான் நிக்காரு. மொதலாளி என்னக் கூப்புட்டுக் கத்துதாரு, ஒன் அண்ணனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சான்னு. ஆப்பரேசன் நல்லா முடிஞ்சிருச்சு, கெளம்பி வாண்ணேன்னு நானும் சொல்லிட்டேன். கேக்க மாட்டேங்காரு."

"ஏன்?"

"நீங்க சொல்லலையாம்."

போனை வாங்கிக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"இன்னுமா நிக்கீக?"

"நீ சொல்லலையே."

"சாப்டீகளா?"

"பங்குக்காரன் தோச வாங்கிக் குடுத்தான். வலிக்குதா?"

வலிக்கிறது என்றேன். நிஜமாகவே வலித்தது, வெட்டின இடத்துக்கு மேலே, உயிர் உள்ள பக்கத்தில். வலி இருக்கிறது என்று சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரும் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினார். ஆந்திராவில் ஒரு பெட்ரோல் பங்கில் நின்று அழுகிற லாரி டிரைவரை அந்த ஊர்க்காரர்கள் என்ன நினைத்திருப்பார்களோ.

பேச்சி தாலியோடு சேர்த்துப் பஞ்சில் சுற்றி வைத்திருந்த இடது கால் மெட்டியை எடுத்தாள். வெட்டாமல் கழற்றியது, முழுசாக இருந்தது. "இதப் போட்டுவிடுதேன் மதினி. போட்டுக்கிட்டே சொல்லுங்க" என்றாள் மெதுவாக. அதை அவள் சொன்னாள். எதுவும் காப்பாற்றாது என்று தெரிந்தவள் எனக்காகச் சொன்னாள்.

இடது காலைப் பார்த்தேன். மெட்டி இருந்த இடத்தில் தோல் வெளுத்து, ஒரு வளையம் பதிந்திருந்தது. அதுவும் கொஞ்சம் ஊறித்தான் இருந்தது. இதை இப்போது மாட்டிக்கொண்டால் எனக்குத் தைரியம் வரும், சுலபமாகச் சொல்லிவிடலாம். பிறகு இந்தக் காலையும் ஒருநாள் பார்க்காமலே சரி என்று எழுதுவேன். என்னை எனக்குத் தெரியும்.

வேண்டாம் என்று பேச்சியிடம் கையாட்டினேன்.

"வண்டிய எடுங்க" என்றேன்.

அவர் உடனே நகரவில்லை. "கால்ல போட்டுட்டியா?"

"இல்ல. ரெண்டு காலும் வெறுங்காலாத்தான் இருக்கு. எடுங்க."

கதவுச் சத்தம் கேட்டது. சாவி போடுகிற சத்தம். எஞ்சின் இருமி உறுமியது. அவர் போனை வைக்கப் போனார். வைக்க விடாமல் நான் கேட்டேன். முப்பது வருஷத்தில் ஒருநாள் கூட வாசலில் நின்று கேட்காததைக் கேட்டேன்.

"எப்ப வருவீக?"

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"செவ்வாக்கெழம" என்றார்.

அக்டோபர் 26, ஞாயிறு

வலது கால்: நாலு விரல். கட்டு பிரித்துக் கட்டினார்கள். நானே பார்த்தேன்.

இடது கால்: குதிகாலில் ஒரு வெடிப்பு. பேச்சி கண்ணாடி பிடித்தாள். சின்னதுதான், இருந்தாலும் நர்ஸிடம் காட்டினேன்.

அவர்: நெல்லூர். பேச்சி நிறுத்தச் சொல்லி, நிறுத்தியபிறகுதான் பேசினோம்.

அக்டோபர் 27, திங்கள்

வலது கால்: வலி உண்டு. வாடை இல்லை.

இடது கால்: வெடிப்புக்கு மருந்து போட்டாயிற்று. மெட்டித் தடம் இன்னும் மறையவில்லை.

அவர்: செங்கல்பட்டு தாண்டிவிட்டார். வெளியே நல்ல மழை. பேச்சி சாப்பிடச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். எனக்கு இறங்கவில்லை. வண்டி இன்னும் ரோட்டில்தான் இருக்கிறது.